வலுவளவு இலத்திரன்: எட்டை மனனம் செய்யாமல் கணக்குப் பார்ப்போம்

"சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுக்க விரும்புகிறது." வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை எந்த டியூஷன் வகுப்புக் கொப்பியைப் புரட்டினாலும் இந்த வசனம் இருக்கும். வெளி ஓட்டில் எட்டு இலத்திரன் சேர்ந்தால் அணு நிலைத்து நிற்கும் என்ற 'எட்டு' விதியும் கூடவே இருக்கும். பரீட்சைக்கு இவை போதும். ஆனால் அணுவுக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. எந்த இலத்திரனைக் கழற்ற எவ்வளவு சக்தி செலவு, எங்கே எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்ற வரவு செலவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓ லெவல் விஞ்ஞானத்தை இப்போதுதான் தொடங்கியவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கொப்பி, பென்சில், ஆவர்த்தன அட்டவணை, இவ்வளவும் பக்கத்தில் இருந்தால் போதும்.

படி 1: இலத்திரன்களைப் பங்கிடுங்கள்

நடுநிலையான அணுவில் எத்தனை புரோத்தன் உண்டோ அத்தனை இலத்திரன் இருக்கும். அந்த எண்ணிக்கைதான் அணுவெண். முதல் 20 மூலகங்களுக்கும் பங்கிடும் முறை ஒன்றுதான்: முதலாம் சக்திமட்டத்தில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 8, மிச்சம் நான்காவதில்.

சோடியம் 11 என்றால் 2, 8, 1. குளோரீன் 17 என்றால் 2, 8, 7. கல்சியம் 20 என்றால் 2, 8, 8, 2.

பொற்றாசியத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போங்கள். மூன்றாம் மட்டத்தில் 18 வரை இடமுண்டு என்று எங்கேயோ படித்துவிட்டு 2, 8, 9 என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். இடம் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே 8 நிரம்பிய பின் 19ஆவது இலத்திரனுக்கு நான்காம் மட்டத்தில் இருப்பதே குறைந்த சக்திநிலை. ஆகவே 2, 8, 8, 1.

படி 2: கடைசி எண்ணைப் பாருங்கள்

வெளி ஓட்டில், அதாவது கடைசிச் சக்திமட்டத்தில், உள்ள அந்தக் கடைசி எண்தான் வலுவளவு இலத்திரன்களின் எண்ணிக்கை. 18 நிரல் (கூட்டம்) உள்ள அட்டவணை கையில் இருந்தால் பங்கிடவும் தேவையில்லை. 1ஆம், 2ஆம் கூட்டங்களுக்குக் கூட்ட எண்ணே விடை. 13 முதல் 18 வரை கூட்ட எண்ணின் கடைசி இலக்கம் விடை. ஈலியம் மட்டும் விலக்கு: 18ஆம் கூட்டத்தில் இருந்தாலும் அதனிடம் இருப்பதே இரண்டுதான்.

படி 3: கழற்றும் செலவைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலான குறிப்புகள் தாண்டிப் போய்விடும் படி இது. என்னைக் கேட்டால் பாடமே இதுதான்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சோடியத்தை மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள் வைத்திருப்பார்கள். ஆசிரியர் அதை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியால் வெட்டும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெள்ளி போல மின்னும். கொழும்பின் ஈரக் காற்றில், பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மங்கிவிடும். மேற்பரப்பிலுள்ள அணுக்கள் அதற்குள்ளேயே தங்கள் வெளி இலத்திரனை இழந்து காற்றோடு தாக்கம் புரிந்துவிட்டன. (பார்ப்பதோடு நிறுத்துங்கள். சோடியத்தைக் கையால் தொடவோ தண்ணீரில் போடவோ கூடாது.)

ஏன் அந்த ஒன்று மட்டும் போகிறது? சோடியத்தின் கருவில் 11 புரோத்தன்கள். வெளியே தனியாக நிற்கும் இலத்திரனுக்கும் கருவுக்கும் நடுவே 10 இலத்திரன்கள் நின்று மறைக்கின்றன. அதனால் கருவின் இழுவை வெளியே வரும்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இந்த இலத்திரனைக் கழற்ற மூலுக்கு (மூல் என்பது அணுக்களை எண்ணும் ஒரு பெரிய அலகு) 496 கிலோ யூல் போதும். இரண்டாவதைக் கழற்ற வேண்டுமானால் உள் ஓட்டுக்குள் கை வைக்க வேண்டும். அது கருவுக்குக் கிட்ட இருக்கிறது, மறைப்பதற்கு முதலாம் மட்டத்திலுள்ள இரண்டு இலத்திரன்களைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. செலவு 4562 கிலோ யூல், அதாவது ஒன்பது மடங்குக்கு மேல். சாதாரணத் தாக்கம் எதுவும் அந்தச் செலவைத் தாங்காது.

மகனீசியத்திலும் இதே கதை, ஒரு படி தள்ளி நடக்கிறது. முதலாவதுக்கு 738, இரண்டாவதுக்கு 1451, மூன்றாவதுக்கு 7733. எண்கள் எங்கே திடீரென்று பாய்கின்றனவோ அங்கேதான் ஓடு முடிகிறது. மகனீசியத்துக்கு வலுவளவு இலத்திரன் இரண்டு என்பதை அட்டவணையே பார்க்காமல் இந்த மூன்று எண்களை வைத்தே சொல்லிவிடலாம்.

இனிக் குளோரீன் பக்கம். 17 புரோத்தன்களில் 10ஐ உள் இலத்திரன்கள் மறைத்தாலும் வெளி ஓட்டில் ஏறக்குறைய 7 புரோத்தன்களின் இழுவை இருக்கும். அங்கே ஓர் இடமும் காலி. ஓர் இலத்திரன் வந்து சேர்ந்தால் 349 கிலோ யூல் வெளியாகிறது. அதற்கடுத்தது வந்தால் நான்காம் மட்டத்தில்தான் இடம், அங்கே அதை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால் ஒன்றோடு நிற்கிறது.

இப்போது கழித்துப் பாருங்கள். செலவு 496, வரவு 349. இன்னும் 147 குறைகிறது. அப்படியானால் இலத்திரன் கைமாறினால் மட்டும் இரண்டுக்கும் லாபம் கிடையாது. இலத்திரனை இழந்தோ பெற்றோ ஏற்றம் பெற்ற அணுக்கள், அதாவது நேரும் மறையுமான அயன்கள், அடுக்கடுக்காகப் பளிங்காகக் கூடும்போது மூலுக்கு ஏறக்குறைய 787 கிலோ யூல் வெளியாகிறதே, அதுதான் கடனை அடைக்கிறது. சோடியத்தை உலோகத்திலிருந்து தனி அணுவாக்கவும் குளோரீன் மூலக்கூற்றைப் பிரிக்கவும் ஆகும் செலவைக் கழித்த பிறகும் மிச்சம் நிற்கும். ஆனையிறவு உப்போ புத்தளம் உப்போ, ஒவ்வொரு பரலும் இந்தக் கணக்கில்தான் நிலைத்து நிற்கிறது.

படி 4: கொடுப்பதையும் எடுப்பதையும் சமப்படுத்துங்கள்

மகனீசியம் இரண்டு கொடுக்கும், குளோரீன் ஒன்றுதான் எடுக்கும். எனவே ஒரு மகனீசியத்துக்கு இரண்டு குளோரீன். சூத்திரம் எழுதுவது இவ்வளவுதான்.

படி 5: கொடுக்கக் கட்டுப்படியாகாவிட்டால் பங்கிடும்

இரண்டு குளோரீன்கள் சந்தித்தால் எதுவும் கொடுக்காது. இரண்டின் இழுவையும் ஒன்று. அப்போது ஒவ்வொன்றும் ஓர் இலத்திரனை நடுவில் வைக்க, அந்தச் சோடியை இரு கருக்களும் இழுக்கும். இதுதான் பங்கீட்டுப் பிணைப்பு. 1916இல் இரசாயனவியலாளர் கில்பர்ட் லூயிஸ் சொன்ன சோடிக் கருத்து இன்றும் நம் கொப்பிகளில் இருக்கிறது.

வரையும்போது ஓர் அணுவுக்குப் புள்ளி, மற்றதுக்குப் புள்ளடி. முதலில் வெளி இலத்திரன்களை மட்டும் போடுங்கள், பிறகு நடுவில் சோடிகளை வையுங்கள், கடைசியாக ஒவ்வொரு அணுவையும் சுற்றி எண்ணுங்கள். நடுச்சோடியை இரு பக்கமும் எண்ண வேண்டும். நீரில் ஒட்சிசனின் 6க்கு மேல் இரண்டு ஐதரசனிலிருந்தும் ஒவ்வொன்று வர, ஒட்சிசனுக்கு 8, ஐதரசனுக்கு 2. நைதரசன் மூலக்கூற்றில் ஆளுக்கு மூன்று குறைவு, ஆகவே நடுவில் மூன்று சோடிகள். அந்த மும்மைப் பிணைப்பை உடைக்க 945 கிலோ யூல் வேண்டும். குளோரீனுக்கோ 242தான். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன் இருந்தும் நம்மை எதுவும் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எட்டு வராத இடங்கள்

போரன் முப்புளோரைட்டில் போரனைச் சுற்றி 6தான். கந்தக அறுபுளோரைட்டில் கந்தகத்தைச் சுற்றி 12. காலி வீதி நெரிசலில் வாகனப் புகையோடு வரும் நைதரசன் ஓரொட்சைட்டில் மொத்தம் 11 வலுவளவு இலத்திரன்கள். ஒற்றை எண்ணை எப்படி வரைந்தாலும் இருவருக்கும் எட்டு வராது. பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் யன்னல் கம்பிகளைத் தின்னும் துருவும் இந்த விதிக்குள் அடங்காது. இரும்பு இரண்டையோ மூன்றையோ இழக்கும், இழந்த பின் வெளியே நிற்பது 14 அல்லது 13.

எட்டு இருந்தால் அசையவே அசையாது என்ற நம்பிக்கையை 1962இல் இரசாயனவியலாளர் நீல் பார்ட்லட் உடைத்தார். பிளாற்றினம் அறுபுளோரைட்டு ஒட்சிசன் மூலக்கூற்றிலிருந்தே இலத்திரனைப் பறிப்பதை அவர் கண்டிருந்தார். அங்கே செலவு ஏறக்குறைய 1165 கிலோ யூல். வெளி ஓட்டில் எட்டு உள்ள செனன் வாயுவுக்கு 1170. செலவு ஒன்றென்றால் செனனிலும் பறிக்கலாமே என்று இரண்டையும் கலந்தார். மஞ்சள்-செம்மஞ்சள் நிறத் திண்மம் ஒன்று கிடைத்தது. சடத்துவ வாயு, அதாவது எதனோடும் சேராத வாயு, என்று சொல்லி வந்ததன் முதல் சேர்வை அது.

செய்து பாருங்கள்

அலுமினியத்தின் முதல் நான்கு செலவுகள்: 578, 1817, 2745, 11577. அதற்கு எத்தனை வலுவளவு இலத்திரன், ஒட்சிசனோடு என்ன விகிதத்தில் சேரும்? பாய்ச்சல் மூன்றாவதுக்குப் பிறகு வருவதால் வலுவளவு இலத்திரன் மூன்று. ஒட்சிசன் இரண்டு எடுக்கும். கொடுப்பதும் எடுப்பதும் ஆறில் சமப்படும்: இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஒட்சிசன். அடுத்து பொற்றாசியமும் கந்தகமும் சேர்வதை நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டுக்கு ஒன்று என்று வந்தால் சரி.