ஹீத்ரோவிலிருந்து வீடு வரை: லண்டனில் மினிகேப் முன்பதிவு செய்வோருக்கு

படிப்புக்கும் வேலைக்கும் குடும்பத்தோடு சேர்வதற்கும் லண்டனுக்கு வரும் தமிழர்களில் பலர் முதலில் கால் வைக்கும் இடம் ஹீத்ரோ விமான நிலையம். அது நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நம்மவர்கள் குடியிருக்கும் இடங்களோ நகரம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன: வடமேற்கில் ஹாரோவும் வெம்பிளியும், தெற்கில் டூட்டிங்கும் மிட்ச்சமும், கிழக்கில் ஈஸ்ட்ஹாமும் இல்ஃபர்டும். ஹாரோவுக்குப் போகிறவருக்குச் சுமார் 12 மைல் பயணம். ஈஸ்ட்ஹாமுக்குப் போகிறவர் ஏறத்தாழ 25 மைல், நகரத்தை மேற்கிலிருந்து கிழக்குவரை கடந்தாக வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் ஒரு மணி நேரத்தில் முடியும் அதே பயணம், வேலைநாள் மாலை ஐந்து மணிக்கு ஏ406 வட்டச் சாலையில் அகப்பட்டுக்கொண்டால் இரண்டு மணி நேரத்தையும் தாண்டலாம். ஆகவே கார் முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு?’ என்பதாக இருந்தாலும், அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, நெரிசலிலும் காத்திருப்பிலும் போகும் நேரத்துக்கு யார் பணம் கட்டுவது என்பதுதான்.

அதற்கு முன்னால், கார் தேவைதானா என்று பாருங்கள். தனியாக ஒரு பெட்டியுடன் வருபவருக்கு ரயில்தான் மேல் என்பது என் கருத்து. 2022 மே மாதம் திறக்கப்பட்ட எலிசபெத் லைன், ஹீத்ரோவையும் கிழக்கு லண்டனில் மேனர் பார்க், இல்ஃபர்டு நிலையங்களையும் இணைக்கிறது. வைட்சேப்பலில் ஒருமுறை வண்டி மாற வேண்டியிருந்தாலும் சாலையில் போவதைவிடப் பெரும்பாலும் விரைவாகவும் எப்போதும் மலிவாகவும் போய்ச் சேரலாம். கைக்குழந்தை, வயதான பெற்றோர், ஆளுக்கு இரண்டு பெட்டி, இரவு நேர இறக்கம் ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் கார் கட்டணம் வீண் செலவாகாது.

லண்டனில் வாடகைக் கார் இரண்டு வகை. கறுப்பு டாக்சியைத் தெருவில் கைகாட்டி நிறுத்தலாம். ஒவ்வொரு டெர்மினலுக்கு வெளியிலும் அதற்கென நிறுத்தம் உண்டு. அது மீட்டர்படி ஓடும், நெரிசலில் நின்றாலும் மீட்டர் நிற்காது. மற்றது மினிகேப். ஊபர், போல்ட், அடிசன் லீ போன்றவையும், நம் பகுதிக் கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே பலகை வைத்திருக்கும் சிறு கேப் அலுவலகங்களும் இதில் அடங்கும். லண்டனுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மினிகேப்பை உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாக முன்கூட்டியே பதிவு செய்தால் மட்டுமே அதில் ஏற முடியும். நிறுவனம், ஓட்டுநர், வாகனம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். லண்டனில் இவற்றை வழங்குவது ‘டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்’ என்னும் போக்குவரத்து அமைப்பு. அதன் இணையதளத்திலேயே உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். லண்டனுக்கு வெளியே உள்ள நகரங்களுக்குப் போகிறவர்கள் அவ்வூர் நிறுவனத்தை அமர்த்தினால், உரிமம் அந்தப் பகுதி மன்றத்தினுடையதாக இருக்கும்.

இந்த விதியை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வருகைக் கூடத்தில் நீங்கள் தள்ளுவண்டியோடு வெளியே வரும்போது, ‘டாக்சி வேண்டுமா?’ என்று அருகில் வந்து தணிந்த குரலில் கேட்பவர்கள் இருப்பார்கள். முன்பதிவு இல்லாமல் அப்படி ஆள் பிடிப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பயணத்துக்குக் காப்புறுதியும் செல்லாது. தமிழில் பேசிக்கொண்டு வந்தாலும் இதே விதிதான். நம் சமூகத்தில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ ‘ஏர்போர்ட் பிக்கப் செய்து தரப்படும்’ என்று ஒருவர் போடுவார். விசாரித்தால் அது அவருடைய சொந்தக் கார், வேலை முடிந்த நேரத்தில் ஓட்டுகிறார். உறவினர் வந்து அழைத்துப் போவது வேறு. பணம் வாங்கிக்கொண்டு உரிமமில்லாமல் ஏற்றிச் செல்வது வேறு. சாதாரணக் கார் காப்புறுதி வாடகைப் பயணத்தை ஏற்பதில்லை என்பதால், வழியில் விபத்து நேர்ந்தால் அவரும் நீங்களும் சேர்ந்தே சிக்கலில் மாட்டுவீர்கள். முறையான உரிமத்துடன் தமிழர்கள் நடத்தும் கேப் நிறுவனங்கள் இருக்கின்றன. மொழி தெரியாத பெற்றோரை அழைத்துவர அவை மிகவும் உதவும். ‘உங்கள் நிறுவன உரிம எண் என்ன, அண்ணா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உரிமம் இருப்பவர் உடனே சொல்லிவிடுவார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே தனிநபர் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இனி விலை. செயலியில் அந்த நேரத்தில் அழைக்கும் கார், தேவை கூடும்போது விலை கூடும் முறையில் இயங்குகிறது. மழை பெய்யும் வெள்ளிக்கிழமை மாலையில் பல விமானங்கள் ஒன்றாக இறங்கினால், காலையில் பார்த்த விலை அப்போது இருக்காது. முன்பே நிலையான விலை பேசிப் பதிவு செய்யும்போது, சாலை நெரிசலால் கூடும் நேரம் நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. அமைதியான நேரத்தில் இது செயலி விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். புதிதாக வருபவருக்கு அந்தக் கூடுதல் தொகை நியாயமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் முதல் நாளில் அவரால் தாங்க முடியாதது செலவைவிடச் செலவின் நிச்சயமின்மை.

ஆனால் ‘நிலையான விலை’ என்ற சொல்லுக்குள் எதெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமான நிலைய வாகன நிறுத்தக் கட்டணம் சேர்ந்ததா? இறங்கிய பிறகு எத்தனை நிமிடம் இலவசமாகக் காத்திருப்பார்கள், அதற்கு மேல் என்ன விகிதம்? போகுமிடம் மத்திய லண்டன் என்றால், அங்கே நுழையும் வண்டிகளுக்கான நெரிசல் கட்டணம் யார் கணக்கு? 2003 பிப்ரவரியில் 5 பவுண்டுடன் தொடங்கிய அந்தக் கட்டணம் பலமுறை உயர்ந்துவிட்டது. மினிகேப்புகளுக்கு இருந்த விலக்கும் 2019இல் நீக்கப்பட்டது. தென்கிழக்கு லண்டனுக்கோ அதை அடுத்த கென்ட் மாவட்டத்துக்கோ போகிறவர்கள் பிளாக்வால் சுரங்கச் சாலையையும் கவனத்தில் கொள்ள வேண்டும். நீண்ட காலம் இலவசமாக இருந்த அந்த வழிக்கு, பக்கத்தில் சில்வர்டவுன் சுரங்கம் திறந்த 2025 ஏப்ரல் முதல் கட்டணம் உண்டு. இவை ஒவ்வொன்றும் சிறு தொகைதான், ஆனால் எல்லாம் பேசிய விலைக்கு மேல் வந்து சேர்ந்தால் வீட்டு வாசலில் வாக்குவாதம் ஆகிவிடும்.

காத்திருப்பு நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பணம் கரைவது பெரும்பாலும் அங்கேதான். விமானம் தரையிறங்கும் நேரமும் நீங்கள் வெளியே வரும் நேரமும் ஒன்றல்ல. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போர் தானியங்கி வாயிலில் கடந்துவிடலாம். இந்திய, இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் அதிகாரியிடம் வரிசையில் நின்றாக வேண்டும். செப்டம்பரில் மாணவர்கள் மொத்தமாக வரும் வாரங்களில் அந்த வரிசை வளைந்து வளைந்து நீளும். அதன் பிறகு பெட்டிகளுக்காக நிற்க வேண்டும். எனவே ஓட்டுநர் வரவேண்டிய நேரத்தை விமானம் இறங்கி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு முதன்முறையாக விசாவில் வருபவர்கள் ஒன்றரை மணி நேரம் என்றே சொல்லலாம். இலவசக் காத்திருப்பு எந்த நொடியிலிருந்து தொடங்குகிறது, விமானம் தரை தொட்டதிலிருந்தா, நீங்கள் குறித்த நேரத்திலிருந்தா என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருக்கும்.

பதிவு செய்யும்போது விமான எண்ணைக் கட்டாயம் கொடுங்கள்; தாமதமானால் நிறுவனமே பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளும். துபாய், தோஹா, அபுதாபி வழியாக வருகிறவர்கள் சென்னையிலோ கொழும்பிலோ ஏறும் விமானத்தின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். வேண்டியது லண்டனில் இறங்கும் கடைசி விமானத்தின் எண். நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானமானால் தேதியையும் கவனியுங்கள். வரும் நாளைப் பிரிட்டன் நேரப்படி குறிப்பிட வேண்டும். டெர்மினல் எது என்பதையும் சொல்லுங்கள். ஹீத்ரோவில் இப்போது இயங்குபவை 2, 3, 4, 5 ஆகிய நான்கு மட்டுமே. 1 என்பது 2015இல் மூடப்பட்டது. 2உம் 3உம் அருகருகே, 4உம் 5உம் தள்ளித் தள்ளி. ஓட்டுநர் தவறான டெர்மினலில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். டெர்மினல்களுக்கிடையே ரயிலில் இலவசமாகப் போகலாம் என்றாலும், பெட்டிகளோடு அலைவதைவிட அவரை வரச் சொல்லிக் காத்திருப்பதே நல்லது.

பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்ல வேண்டும். சாதாரண சலூன் காரில் நான்கு பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கும். ஆனால் நான்கு பேரும் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியும் கைப்பையும் கொண்டுவந்தால், டிக்கியில் இரண்டு பெட்டி போனதும் மீதி தெருவில் நிற்கும். இரண்டு பேருக்கு மேல் முழு லக்கேஜுடன் வந்தால் ஆறு இருக்கை வண்டியோ எட்டு இருக்கை வண்டியோ கேளுங்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, கிரைண்டர், குழந்தைத் தள்ளுவண்டி எல்லாம் கணக்கில் சேரும்.

குழந்தை இருக்கை பற்றிய விதி பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்கேற்ற இருக்கை கட்டாயம்; மினிகேப்பில் ஓட்டுநர் அதைக் கொண்டுவராதபோது மட்டும் பின் இருக்கையில் அது இல்லாமல் செல்லச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் விட்டுக்கொடுத்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். வயதையும் எடையையும் சொல்லி இருக்கையை முன்பே கேட்டு, அதை உறுதிப்படுத்தும் செய்தியில் எழுதி வாங்குங்கள்.

முகவரி என்றால் இங்கே முதலில் போஸ்ட்கோட். ‘ஸ்டேஷன் ரோடு’, ‘சர்ச் ரோடு’ என்ற பெயரில் லண்டனில் பல தெருக்கள் இருப்பதால் தெருப்பெயரை மட்டும் நம்பிப் புறப்பட்டால் வேறு பேட்டையில் போய் நிற்க நேரும். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் போன்ற கடைத்தெருக்களில் கடைக்கு மேலுள்ள வீடுகளுக்கு வாசல் பெரும்பாலும் பின்சந்தில் இருக்கும்; சாவி தருபவரிடம் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை பிடித்து நிற்கும் சேவையைக் கேட்டிருந்தால், பலகையில் வரும் பெயர் எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். நம் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நிற்பதால், நீங்கள் உங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருக்க, ஓட்டுநர் உங்கள் அப்பாவின் பெயரோடு நின்றுகொண்டிருப்பார்.

ஓட்டுநரின் பெயர், படம், வண்டி எண் ஆகியவை பயணத்துக்கு முன் உங்களுக்கு வந்து சேர வேண்டும். ஏறுவதற்கு முன் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உரிம வில்லையையும் பாருங்கள். விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு என்பதால் உள்ளூர் சிம் இல்லாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் பேசலாம். ஓட்டுநர் வாசலில் நிற்கவில்லையே என்று கோபப்பட வேண்டாம்: பயணிகளை இறக்கிவிடும் இடத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது, அவர் குறுகிய நேர வாகன நிறுத்தத்திலிருந்துதான் வருவார். 

ஊருக்குத் திரும்பும் பயணத்தில் கணக்கு தலைகீழாகிறது: அங்கே நெரிசலின் விலை பணமல்ல, விமானம். கிழக்கு லண்டனிலிருந்து வேலைநாள் காலையில் புறப்படுவோர் சாலைக்கே இரண்டரை மணி நேரம் ஒதுக்குவது நல்லது. எம்25 நெடுஞ்சாலையில் ஒரு விபத்து போதும். இறக்கிவிடும் இடத்துக்கும் 2021 நவம்பர் முதல் கட்டணம் உண்டு. அது விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ் நாளன்று லண்டனில் சுரங்க ரயிலும் பேருந்தும் ஓடுவதில்லை. அன்று பயணம் என்றால் பல வாரங்களுக்கு முன்பே காரைப் பதிவு செய்துவிட வேண்டும். விலை கூடுதலாகத்தான் இருக்கும்.

டிப்ஸ் கட்டாயமில்லை; பெட்டிகளை வீட்டுக்குள் தூக்கி வைத்தவருக்குச் சில பவுண்டுகள் கொடுப்பது வழக்கம். காரில் எதையாவது விட்டுவிட்டாலோ, பேசியதைவிட அதிகம் கேட்டாலோ, ஓட்டுநரோடு வாதாடாமல் பதிவு எண்ணோடு நிறுவனத்தை அழையுங்கள். லண்டனில் பயணியுடன் ஒப்பந்தம் செய்துகொள்வது பதிவை ஏற்ற நிறுவனமே என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வேறு நிறுவனத்தின் வண்டியை அனுப்பியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். அங்கே தீரவில்லையென்றால் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனிடம் புகார் செய்யலாம். அதற்கு உறுதிச் செய்தியும் ரசீதும் வேண்டும் என்பதால் இரண்டையும் பெட்டியைப் பிரித்து முடிக்கும்வரையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.