வன்னியில் வழக்காடுவோர் மனச்சுமையைக் கையாளும் முறைகள்

காலையில் வவுனியாவில் ஒரு பிணை விண்ணப்பம், பகலில் முல்லைத்தீவில் ஒரு காணி வழக்கு, மாலையில் அலுவலக வாங்கில் காத்திருக்கும் கட்சிக்காரர் என்று ஒரே நாளுக்குள் மூன்று நாள் வேலையை அடுக்கும் இளம் சட்டத்தரணிகளை நான் அடிக்கடி காண்கிறேன். ஏ-9 வீதியில் மாங்குளம் வரை வந்து, அங்கிருந்து இன்னும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடித்தான் முல்லைத்தீவை அடையலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆயினும் தவணை குறிக்கும்போது அந்தத் தூரம் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே மனச்சுமையைக் குறைக்க விரும்புபவர் தியானத்தை அல்ல, முதலில் தம் நாட்குறிப்பைத் திறக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு நீதிமன்ற நகரம் என்பதை இயன்றவரை விதியாக்குங்கள். கிளிநொச்சிக்கென்று வாரத்தில் குறித்த நாள்களை ஒதுக்கி, அங்குள்ள வழக்குகளுக்கு அந்த நாள்களிலேயே தவணை கேளுங்கள். திறந்த மன்றில் திகதி சொல்லப்படும்போது தலையசைத்துவிட்டுப் பின்னர் நாட்குறிப்பைப் பார்க்கும் பழக்கத்தை விட்டு, நாட்குறிப்பைக் கையில் விரித்தபடியே எழுந்து நில்லுங்கள். அந்த நாள் பொருந்தாதென்று பணிவோடு சொன்னதற்காக எந்த நீதிபதியும் கடிந்துகொண்டதை நான் கண்டதில்லை.

நள்ளிரவில் திடுக்கிட்டு எழச் செய்வது பெரும்பாலும் கால எல்லை பற்றிய பயமே. மாவட்ட நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்புக்கு எதிராக 14 நாள்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாள்களுக்குள் மேன்முறையீட்டு மனுவும் கொடுக்க வேண்டும். அறிவித்தலுக்கான கணக்கில் ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது என்பதை நம்பி, கடைசி நாள் வரை போகாதீர்கள். தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே, மன்றை விட்டு வெளியேறுமுன், இரு திகதிகளையும் வழக்குக் கோவையின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதி, அலுவலக எழுதுவினைஞரின் நாட்குறிப்பிலும் பதியச் செய்யுங்கள். எழுதி வைத்த திகதியை மனம் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் எந்த ஊர்ச் சட்டத்தரணிக்கும் பொருந்துபவை. வன்னியில் வழக்காடுபவருக்கு வேறொரு சுமையும் உண்டு. ஒரு தாய் வருகிறார். கடைப்பையைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய கடதாசிக் கட்டை எடுக்கிறார். மடிப்புகள் கிழியாதிருக்க உள்ளே மட்டை வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில், ஈரம் படாமல் பிளாஸ்ரிக் உறையிட்ட மகனின் படம். அவர் முன்னரும் பலரிடம் சொன்னதையே, போர் முடிந்த 2009 மே மாதத்தில் என்ன நடந்ததென்பதையே, மீண்டும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறார். காணாமற்போனவரை மன்றில் முன்னிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவுக்கான சத்தியக் கடதாசியை எழுதுபவர் அதை வரிவரியாகக் கேட்டே ஆக வேண்டும்; கேட்பவரும் அதே மாதத்தில் அதே மணலில் நின்றவராக இருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு படத்துக்கு மாலை போட்டிருந்தால், அந்த வழக்கை ஏற்பது பற்றி முன்கூட்டியே நேர்மையாக யோசியுங்கள். வேறொருவரிடம் ஒப்படைப்பது கோழைத்தனம் அன்று. கட்சிக்காரருக்கும் அதுவே நல்லதாக அமையலாம்.

ஏற்றுக்கொண்டால், கேட்கும் முறையை வகுத்துக்கொள்ளுங்கள். முதல் அமர்வில் திகதி, இடம், முன்பு செய்த முறைப்பாடுகள் ஆகியவற்றை அவர் கொண்டு வந்த கடதாசிகளிலிருந்தே எடுத்து, கடதாசியில் இல்லாததை மட்டும் இரண்டாம் அமர்வில் கேளுங்கள். இதனால் அவர் தேவைக்கு மேல் சொல்லவும் வேண்டாம், நீங்கள் தேவைக்கு மேல் கேட்கவும் வேண்டாம். இத்தகைய அமர்வு நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதையும் முற்பகலிலேயே முடித்து, அதன்பின் காணி உறுதி வாசிப்பது போன்ற உலர்ந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சடலப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் சிறிதாக அச்சிட்டு, கோவையில் கவிழ்த்து வையுங்கள். அவற்றைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தால், ஒருநாள் பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே அவை எதிர்ப்படும்.

அலுவலகத் தொலைபேசி எண்ணை வேறாக வைத்து, இரவு எட்டு மணிக்குப் பின் அதை அணைத்துவிடலாம். கைதாகும் அவசர வழக்குகளுக்குக் கனிஷ்டருடன் முறைவைத்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் ஆலோசனை சொல்லத் தொடங்கினால் அதற்கு முடிவேயில்லை. கட்டணத்தை முதல் நாளே பேசுங்கள். கொடுக்க இயலாத ஏழைகளை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவிடம் வழிப்படுத்தலாம். இலவசமாக ஏற்பது உங்கள் விருப்பம், ஆனால் எத்தனை என்று எண்ணி ஏற்றுக்கொள்ளுங்கள்.

உடலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். வன்னி வெயிலில் கறுப்புக் கோட்டோடு பிளேன்ரீயை மட்டும் நம்பி நிற்பவருக்குப் பகல் ஒரு மணிக்கே தலையிடிக்கும். தண்ணீர்ப் போத்தலும் கட்டுச்சோறும் கொண்டு போங்கள். கடினமான விசாரணைக்குப் பின் உடனே வாகனம் ஓட்டாமல் அரை மணி நேரம் இருந்து கிளம்புங்கள். யானை குறுக்கிடக்கூடிய வீதிகளில் இருட்டிய பின் அந்த மனநிலையோடு செல்வது ஆபத்து. மாலையில் மனம் ஆறுவதற்கு மதுவைத் துணைக்கழைப்பது நம் தொழிலில் வெளிப்படையாகப் பேசப்படாத பழக்கம். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியவர் அதை ஒரு நோய்க்குறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நித்திரையின்மை, வீட்டாரிடம் காரணமின்றிச் சீறுதல், கட்சிக்காரர் அழும்போது எதையும் உணராமல் இருத்தல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவி நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளும் உள்ளன. கட்சிக்காரரின் இரகசியத்தை எவ்வாறு காப்பது என்ற தயக்கம் நியாயமானதே. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நீங்கள் சொல்ல வேண்டியது வழக்கை அன்று, உங்களுக்கு நேர்ந்ததை. பெயரையும் வழக்கிலக்கத்தையும் மட்டுமன்றி ஊரையும் தவிருங்கள். நம் சிறு கிராமங்களில் ஊரைச் சொன்னாலே ஆளைச் சொன்னதாகிவிடும்.

புதிய நாட்குறிப்பு ஜனவரியில் கைக்கு வந்ததும், ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் நீதிமன்ற விடுமுறைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு வாரத்தை முதலில் கோடிட்டு மூடுங்கள். பிணை வேலை விடுமுறை பார்ப்பதில்லை என்பதால், அந்த வாரங்களில் உங்களுக்காக எழுந்து நிற்கும் நண்பரின் பெயரையும் அதே பக்கத்தில் எழுதி, அவருடைய வாரங்களை உங்கள் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.