புரோவேன் மிடீவல் திருவிழாவுக்கு டிக்கெட் செலவை குறைக்க

பாரிஸ்ல இருந்து புரோவேன்ங்கிற ஊர்ல நடக்குற மிடீவல் (இடைக்கால) திருவிழாவுக்கு போறவங்க டே பாஸ் வாங்காதீங்க, பாரிஸ்ல இருக்குற கார் து லெஸ்த் ரயில் நிலையத்துல சாதாரண மெட்ரோ-ட்ரெயின் டிக்கெட்டையே நவிகோ ஈசிங்கிற ரீசார்ஜ் பயண கார்டுல போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு ரெண்டு ஏத்திக்கிட்டு பி (P) லைன் ட்ரெயின் புடிங்க. 2025 ஜனவரில இருந்து இல்-து-பிரான்ஸ் (பாரிஸும் அதை சுத்தி இருக்குற பகுதியும்) முழுக்க ஒரே ரேட், அப்போ 2.50 யூரோ வச்சாங்க (வருஷா வருஷம் சில்லறையா ஏத்துவாங்க), புரோவேன் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் தள்ளி இருந்தாலும் அந்த எல்லைக்குள்ளதான் வருது, அதான் இவ்ளோ சீப். ஆனா ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒண்ணை வச்சு ரெண்டு பேர் போக முடியாது. பஸ்-ட்ராம் டிக்கெட் இதுக்கு செல்லாது, ஏர்போர்ட்ல இருந்து நேரா வர்றவங்களுக்கு ரேட் வேற. தெற்கு பிரான்ஸ்ல இருக்குற கார்கஸோன் மாதிரி தூரத்து ஊருக்கெல்லாம் இந்த கணக்கு ஆகாது.