வேக் மெஷின் இல்லாமல் வேக் கட்டு: மலை ஆஸ்பத்திரிக்கான செய்முறை

கேரள மலையில் உள்ள குமுளி, வண்டிப்பெரியார் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளும் ஹவுஸ் சர்ஜன்களும் புண்ணை உறிஞ்சி ஆற்றும் வேக் (வேக்குவம்) மெஷின் பற்றி என்னிடம் தவறாமல் கேட்பது இது: "அக்கா, வேக் மெஷின் வாடகைக்கு எடுக்க நோயாளியிடம் பணம் இல்லை. வேறு வழி இருக்கா?" இருக்கிறது. ஆனால் சர்ஜன் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு வார்டில் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

புண்ணின் மேல் ஈரக் காஸ் (மெல்லிய வலைத்துணி) வைத்து, காற்றுப் புகாமல் ஃபிலிம் ஒட்டி, உள்ளிருந்து சீராக உறிஞ்சுவதுதான் வேக் கட்டு. கசியும் நீர் வெளியேறும், வீக்கம் வடியும், புண்ணின் ஓரங்கள் உள்ளே இழுபடும், அடியில் சிவப்பாகப் புதுச் சதை ஏறும். அமெரிக்காவில் ஆர்ஜென்டாவும் மொரிக்வாஸும் ஸ்பாஞ்ச் வைத்து, 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சும் முறையை 1997இல் எழுதினார்கள். மெஷினும் கிட்டும் அதன் வழியாகத்தான் உலகமெங்கும் போயின. அதற்கு முன்பே, 1989இல், சாரிக்கரும் ஜெட்டரும் வெறும் காஸையும் டிரெய்ன் குழாயையும் சுவர் சக்ஷனையும் (ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் உறிஞ்சும் இணைப்பு) வைத்து இதையே செய்திருக்கிறார்கள். நாம் ஏதோ மட்டமான மாற்று என்று நினைத்துக் கூச்சப்படும் முறைதான் வயதில் மூத்தது. சிகாகோவில் 87 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, மெஷினையும் காஸ் முறையையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். புண் சுருங்கியதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நாள் செலவு மெஷினுக்குச் சுமார் 96 டாலர், காஸ் முறைக்கு 4 டாலர் சொச்சம்.

யாருக்குப் போடக் கூடாது

இதைப் படிக்காமல் கீழே போகாதீர்கள். கறுத்த செத்த சதை இருந்தால், அதை வெட்டிச் சுத்தம் செய்யும்வரை போடக் கூடாது. புண்ணில் புற்றுநோய், சிகிச்சை தொடங்காத எலும்புச் சீழ், வெளியே தெரியும் ரத்தக் குழாய், நரம்பு, குடல் எல்லாவற்றுக்கும் இதே தடை. வார்ஃபரின், ஹெப்பாரின் மாதிரி ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர் என்றால் சர்ஜனிடம் தனியாகச் சொல்லுங்கள். சர்க்கரைப் புண் என்றால் பாதத்தில் நாடி பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ரத்த ஓட்டமே இல்லாத காலில் எவ்வளவு உறிஞ்சினாலும் சதை ஏறாது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்டெரைல் காஸ், சலைன் (உப்பு நீர்), 14 அல்லது 16 அளவு ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்கு விடும் குழாய்), பெரிய ஒட்டும் ஃபிலிம், அது நன்றாக ஒட்டத் தோலில் தடவும் டிங்சர் பென்சாயின், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் உள்ள சுவர் சக்ஷன், உறிஞ்சிய நீர் சேரும் ஜார். மெத்தைக் கடை ஸ்பாஞ்சை வாங்கி வெட்டி வைக்கலாமே என்பார்கள். அதன் துளை எப்படிப்பட்டது, கிருமி நீக்கும் சூட்டை அது தாங்குமா என்பது நம் கையில் இல்லை. காஸ் போதும். மீன் தொட்டி மோட்டாரைத் திருப்பி மாட்டி உறிஞ்ச வைப்பவர்களும் உண்டு. யோசனை கெட்டிதான். ஆனாலும் அளவு காட்டும் முள் இல்லாத எதையும் பழகும் காலத்தில் நான் கையில் கொடுக்க மாட்டேன்.

கட்டுப் போடுதல்

அரை மணி நேரம் முன்பே வலி மருந்து கொடுத்துவிடுங்கள். நோயாளியிடம் என்ன செய்யப் போகிறோம் என்று அவர் பாஷையில் சொல்லுங்கள். எங்கள் வார்டில் ஒரு மலையாளச் சிஸ்டர் எஸ்டேட் அம்மா ஒருவரிடம் "முறிவு பெரியது" என்று சொல்லிவிட்டார். மலையாளத்தில் முறிவு என்றால் காயம். அந்த அம்மா எலும்பு முறிந்துவிட்டது என்று அழுது, மகனைக் கூப்பிட்டு, அரை நாள் அதிலேயே போயிற்று.

புண்ணைச் சலைனால் கழுவி, சுற்றுத் தோலை நன்றாகத் துடையுங்கள். முடி இருந்தால் கத்தரியுங்கள். எங்கள் ஊர் மழைக் காலத்தில் இங்கேதான் பாதிக் கட்டுகள் கெட்டுப்போகும். ஈரத் தோலில் ஃபிலிம் ஒட்டினால் விடிவதற்குள் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஃபேனைப் போட்டுக் காயவிட்டு, நல்ல தோலில் மட்டும் பென்சாயின் தடவி, அது பிசுபிசுக்கும்வரை பொறுங்கள்.

காஸைச் சலைனில் நனைத்துப் பிழிந்து, புண்ணின் பள்ளத்தில் தளர்வாக வையுங்கள். திணிக்கக் கூடாது. அடி தெரியாத பொந்துக்குள் விடவே கூடாது. எத்தனை காஸ் வைத்தீர்கள் என்று வாய்விட்டு எண்ணுங்கள், பிறகு ஃபிலிம் மேல் பேனாவால் எழுத வேண்டும். ரைல்ஸ் டியூபின் முனைப் பக்கம் கூடுதலாகச் சில துளைகள் வெட்டி, இரண்டு காஸ் அடுக்குக்கு நடுவே படுக்க வைத்து, மேலே இன்னும் காஸ். குழாய் நேரடியாகச் சதையில் படக் கூடாது.

இப்போது ஃபிலிம். புண்ணைத் தாண்டி ஐந்து செ.மீ. நல்ல தோலில் ஒட்ட வேண்டும். குழாய் வெளியே வரும் இடம்தான் கசியும். அங்கே குழாயைச் சற்றுத் தூக்கி, ஃபிலிமின் இரண்டு பக்கத்தையும் குழாய்க்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டுங்கள், ஏலக்காய் மூட்டையின் வாயைச் சேர்த்துப் பிடிப்பது போல. குழாய் எலும்பு மேட்டின் மேலோ, நோயாளி படுக்கும் பக்கமோ போகக் கூடாது. நான் பழகிய காலத்தில் குதிகாலுக்கு அடியில் குழாயை விட்டு, மறுநாள் அதே அச்சில் புதுப் புண் வந்தது. பழைய புண்ணை விட அது ஆற அதிக நாள் பிடித்தது.

உறிஞ்சலின் அளவு

ரெகுலேட்டரில் குழாய் முனையை விரலால் அடைத்துக்கொண்டு முள்ளைப் பாருங்கள். திறந்த குழாயில் காட்டும் அளவை நம்பக் கூடாது. காஸ் கட்டுக்கு 80 மி.மீ. வைத்துத் தொடங்குகிறோம். 125க்கு மேல் போவதில்லை. சில ரெகுலேட்டரில் கிலோபாஸ்கல் இருக்கும்: 80க்கு அது சுமார் 11, 125க்கு சுமார் 17. ரெகுலேட்டர் இல்லாத சுவர் சக்ஷன் இதைப் போலப் பல மடங்கு இழுக்கும், அதில் நேராக மாட்டவே கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் தள்ளு சக்ஷன் மெஷின் நாள் கணக்கில் ஓடச் செய்ததல்ல, சூடாகி நின்றுவிடும்.

திறந்ததும் காஸ் சுருங்கி, மேலே ஃபிலிம் சுருக்கம் விழுந்து கெட்டியாக வேண்டும். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் ஓரமெல்லாம் விரலால் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து இன்னொரு துண்டு ஒட்டுங்கள்.

அப்புறம் காவல்

விலை உயர்ந்த மெஷின் அலாரம் அடிக்கும். நம்முடையது அடிக்காது, அந்த அலாரம் டியூட்டி நர்ஸ்தான். முதல் மணி நேரம் அடிக்கடியும், பிறகு மணிக்கு ஒரு முறையும் முள், ஃபிலிம், ஜார் மூன்றையும் பாருங்கள். ஜாரில் பிளாஸ்திரி ஒட்டி மட்டத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். குழாயில் பளீரென்று புது ரத்தம் வந்தால் சக்ஷனை உடனே நிறுத்தி, கட்டைப் பிரிக்காமல் மேலே அழுத்திப் பிடித்து, சர்ஜனைக் கூப்பிடுங்கள். இந்தச் சிகிச்சையில் உயிர் போனது பெரும்பாலும் ரத்தப்போக்கால்தான்.

கரண்ட் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சக்ஷன் நின்றால் கட்டைப் பிரித்துச் சாதாரண ஈரக் காஸ் வைத்துவிடுங்கள். மூடிய ஈரத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம்.

பிரித்தல்

48 முதல் 72 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். சீழ்ப் புண்ணுக்கு அதற்கும் முன்பே. சக்ஷனை நிறுத்தி, குழாய் வழியாகவே சலைன் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் காஸ் சதையைப் பிய்க்காமல் வரும். ஃபிலிம் மேல் பேனாவால் எழுதி வைத்த எண்ணிக்கையும் தட்டில் விழுந்த காஸும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் புதுக் கட்டுப் போடாமல் தேடுங்கள்.

இரண்டு மூன்று முறை மாற்றியும் சிவப்பு ஏறவில்லை என்றால் சர்ஜன் மறுபடி பார்க்க வேண்டும். ஏறிவிட்டால் தோல் ஒட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. கம்பம் வழியாகத் தேனிக்கு இறங்குவாரோ, கோட்டயம் போவாரோ, குடும்பம் முடிவு செய்யும். அனுப்பும் சீட்டில் கடைசியாகக் கட்டு மாற்றிய தேதி, அழுத்தம், உள்ளே இருக்கும் காஸ் எண்ணிக்கை மூன்றையும் இங்கிலீஷில் எழுதுங்கள். தேனிக்குப் போகும் சீட்டில் மட்டும் முறிவு என்று எழுதிவிடாதீர்கள், எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிடுவார்கள்.