மலேசியாவுக்குப் படிக்க அனுப்பும்போது கொங்குக் குடும்பங்கள் சறுக்கும் இடங்கள்

ஐந்து சென்ட் இடம் வாங்கவே முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற சீமை இது. மூலப் பத்திரம், பட்டா, நான்கு எல்லை, கிணற்றுப் பாத்தியம், வண்டித்தடம் என்று ஒன்றையும் விட மாட்டார்கள். போதாததற்குப் பக்கத்துத் தோட்டக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். அதே குடும்பம், பிள்ளையை மலேசியாவுக்குப் படிக்க அனுப்புவதை மட்டும் காந்திபுரத்திலோ ஈரோட்டுப் பெருந்துறை ரோட்டிலோ ஓர் ஏசி அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறது. ஏஜென்டு தெரிந்தவர், போன வருஷம் மச்சான் மகனை அனுப்பியவர். அதற்கு மேல் விசாரணை இல்லை.

மலேசியா மோசமான தேர்வு அல்ல. திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். கரூர், நாமக்கல்காரர்களுக்குச் சென்னைக்கு ரயிலில் போகும் நேரம்கூட ஆகாது. பிரிட்டன், ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. பிரச்சினை நாட்டில் இல்லை, விசாரிக்காமல் போவதில்தான் இருக்கிறது.

பட்டம் யாருடையது?

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். "லண்டன் டிகிரி, மலேசியாவில் படிக்கலாம்" என்று விளம்பரம் சொல்லும். அந்த ஒரு வரிக்குள் இரண்டு மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே நேரடியாக வந்து நடத்தும் கிளை வளாகம். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் 1998இல் தொடங்கியது, சன்வேயில் இருக்கிறது. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் 2000இல் வந்தது, செமினியில் இருக்கிறது. இன்னொன்று, உள்ளூர்த் தனியார் கல்லூரி ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை வாங்கி நடத்துவது. மூன்று ஆண்டையும் மலேசியாவிலேயே முடித்தால் அதை ‘3+0’ என்பார்கள். கடைசி ஆண்டை வெளிநாட்டில் படித்தால் ‘2+1’. மூன்றாவது, மலேசியப் பல்கலைக்கழகமே தரும் பட்டம். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் இதில் வரும். இந்த வகையைச் சிலர் மட்டமாக நினைக்கிறார்கள். உலகத் தரவரிசைகளில் மலாயாப் பல்கலைக்கழகம் நிற்கும் இடத்தை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பிள்ளை திரும்பி வந்து இங்கே மேற்படிப்புக்கோ அரசுத் தேர்வுக்கோ போகும்போது பட்டம் செல்லுபடியாக வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 ஏப்ரலில் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி கிளை வளாகத்தில் படித்த படிப்பு, வளாகம் இருக்கும் நாட்டின் விதிகளுக்கும் தாய்ப் பல்கலைக்கழகம் இருக்கும் நாட்டின் விதிகளுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். ஃபிரான்சைஸ் முறையில், அதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் படிப்பை வேறொரு கல்லூரி உரிமம் வாங்கி நடத்தும் முறையில், பெற்ற பட்டங்களுக்குச் சமநிலை கிடையாது. ஆகவே ‘3+0’ என்று ஏஜென்டு சொன்னால், அது எந்த வகை ஒப்பந்தம், சான்றிதழில் யார் பெயர் அச்சாகும் என்று பல்கலைக்கழகத்திடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தை எதற்கும் உதவாது.

மலேசியாவில் படிப்புகளின் தரத்தைப் பார்ப்பது எம்க்யூஏ என்ற அரசு அமைப்பு, 2007 முதல் இயங்குகிறது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரியின் பெயரைத் தேடினால் மட்டும் போதாது, சேரப்போகும் படிப்பின் பெயரையும் தேட வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு முழு அங்கீகாரத்தோடும் இன்னொன்று தற்காலிக அங்கீகாரத்தோடும் இருக்கலாம். வில்லங்கம் பார்ப்பது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பல பல்கலைக்கழகங்கள் நேராகப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. அப்படியிருக்க ஓராண்டு ‘ஃபவுண்டேஷன்’ படித்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அந்த ஓராண்டுக்கும் கட்டணம் உண்டு, சேர்த்துவிட்டவருக்குக் கமிஷனும் உண்டு.

டாக்டர் ஆசை

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு படித்து, நீட்டில் அரசு இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளின் வீட்டில் இந்தப் பேச்சு எழும். இங்கே நான் கண்டிப்பாகவே சொல்வேன்: 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்ட வேண்டாம். நீட்டில் தேர்ச்சி கட்டாயம். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாத இன்டர்ன்ஷிப்பை அதே வெளிநாட்டுக் கல்வி நிறுவனத்தில் முடிக்க வேண்டும். அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் வேண்டும். இவ்வளவும் முடித்து வந்த பிறகு இங்கே வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும், இங்கேயும் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும்.

மலேசியாவில் சிக்கல் வருவது அந்த இன்டர்ன்ஷிப் வரியில்தான். அங்கே எம்பிபிஎஸ் ஐந்து ஆண்டு. அதன் பிறகு வருவது ‘ஹவுஸ்மேன்ஷிப்’ என்ற பயிற்சி மருத்துவர் பணி, அது அரசு ஏற்பாட்டில் மருத்துவமனைகளில் நடப்பது. வெளிநாட்டு மாணவருக்கு அந்த இடம் உறுதியா, அது இந்திய விதிக்குப் பொருந்துமா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தப் படிப்பை விட்டுவிடுவதே நல்லது. பிள்ளை டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி, ஆறாண்டு கழித்துப் பதிவு செய்ய முடியாமல் நிற்பதைவிட இப்போதே வேறு படிப்பு பார்ப்பது மேல்.

தோட்டம் இருக்கிறது, கடன் இல்லை

கோடி ரூபாய் பெறும் தோட்டத்தை வைத்துக்கொண்டு கல்விக்கடன் கிடைக்காமல் அலைகிறவர்கள் நம் பக்கம் உண்டு. மேனேஜருக்கு மனமில்லை என்று திட்டுவார்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் வங்கி நீதிமன்றம் போகாமலே சொத்தைக் கையகப்படுத்த உதவுவது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அதன் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் வங்கிகள் வீடு, அங்கீகாரம் பெற்ற மனை, வைப்புத்தொகை ஆகியவற்றைக் கேட்கின்றன. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகப் பிணைச் சொத்து இல்லாமல் நடக்காது. பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தை நம்பி இருப்பவர்களும் உண்டு. அது இந்தியாவிலுள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

வீட்டைப் பிணையாகக் கொடுத்தாலும் பத்திரத்தில் தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும், அப்பாவின் ஆதாரில் இருக்காது. சொத்து கூட்டுப் பட்டாவில் கிடக்கும், சித்தப்பா கையெழுத்துப் போட வேண்டும், அவர் வேறொரு மனத்தாங்கலில் இருப்பார். இதெல்லாம் இரண்டு வாரத்தில் தீரும் வேலை அல்ல. அட்மிஷன் வந்த பிறகு ஓடுவதைவிடப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே வக்கீலிடம் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

பணம் அனுப்புவதில் இன்னொரு பழக்கம் இருக்கிறது, இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "அங்கே இருக்கிற பங்காளி ரிங்கிட்டாகக் கட்டிவிடுவார், இங்கே அவர் வீட்டுக்கு ரூபாயாகக் கொடுத்துவிடலாம்" என்பது. திருப்பூர், கரூர் ஏற்றுமதி வட்டாரத்தில் இது சாதாரணமாகத் தோன்றலாம். இது அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது. கல்விக் கட்டணம் வங்கி வழியாக, பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும். ஏஜென்டின் கணக்குக்கும் வேண்டாம்.

வங்கி வழியாக அனுப்பும்போது டிசிஎஸ் வரி (வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஓராண்டில் பத்து லட்சம் வரை பிடித்தம் இல்லை. வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு முழுவதுமே இல்லை. பிடித்தாலும் அது நட்டம் அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். யார் கணக்கிலிருந்து பணம் போகிறதோ அவருடைய பான் எண்ணில்தான் அது ஏறும். வசதிக்காக மாமா கணக்கிலிருந்து அனுப்பினால் கழிவும் மாமாவுக்குத்தான்.

விசாவும் பாஸும்

இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போகலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் வந்தது. அதை நம்பி, "முதலில் போய்விடலாம், மாணவர் பாஸ் (அங்கே தங்கிப் படிப்பதற்கான குடிநுழைவு அனுமதி) அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவது வம்பு. சுற்றுலாவாக நுழைந்தவர் படிக்க முடியாது. மாணவர் விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் இஎம்ஜிஎஸ் என்ற அமைப்பு வழியாக அனுப்பும். அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று முன்னமே பதிவு செய்த டிக்கெட்டை ரத்து செய்தவர்கள் நிறையப் பேர். போனதும் ஒரு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. மிரியில் இருக்கும் கர்ட்டின், குச்சிங்கில் இருக்கும் ஸ்வின்பர்ன் ஆகியவை சரவாக் மாநிலத்தில் இருப்பவை. அந்த மாநிலத்துக்குக் குடிநுழைவில் தனி அதிகாரம் உண்டு, நடைமுறையும் வேறு. கோலாலம்பூரில் படித்தவர் சொன்ன அனுபவம் அங்கே பொருந்தாது.

பாஸ் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. வருகை 80 சதவீதம், சராசரி 2.0 புள்ளி இல்லாவிட்டால் சிக்கல். பாஸ் அந்தப் பல்கலைக்கழகத்தோடு கட்டப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. பிடிக்கவில்லை, வேறிடம் மாறலாம் என்றால் பழையதை ரத்து செய்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் விவகாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரிவான அப்பா பெயர், டிக்கெட்டில் இரண்டும் கலந்து ஒன்று என்று இருந்தால் ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். மலேசியத் தமிழர் பெயர்களில் நடுவே ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று மகன், மகள் குறிப்பு இருக்கும். நம் பிள்ளைகளின் பெயரிலும் அதைச் சேர்த்து வங்கிப் படிவத்தை நிரப்ப அங்கே சிலர் முனைவார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது எதுவோ அதுவே எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்.

பகுதிநேர வேலைக் கணக்கு

"அங்கே வேலை பார்த்துச் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்வான்" என்று கணக்குப் போடாதீர்கள். ஆஸ்திரேலியா, கனடா கதை இங்கே எடுபடாது. மலேசியாவில் செமஸ்டர் விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலோ மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். அதுவும் குடிநுழைவுத் துறையின் முன் அனுமதியோடு, உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் போன்ற இடங்களில்தான். கல்லாவில் உட்காரக் கூடாது. படித்து முடித்த பின் வேலையில் இருக்க வேண்டுமானால் ஒரு நிறுவனம் வேலை அனுமதி எடுத்துத் தர வேண்டும். ஆகவே முழுச் செலவும் இங்கிருந்தே போகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

தமிழ் இருக்கிறதே

பத்துமலை இருக்கிறது, பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லி கிடைக்கிறது, தூரத்துச் சொந்தம் கிள்ளானில் இருக்கிறது. இதெல்லாம் மனத்துக்கு ஆறுதல், சரிதான். ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்கு அருகில் என்பதற்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது அபத்தம். அவர்களுக்கும் வேலை இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பாசம் இரு பக்கமும் சுமையாகிவிடும். பிள்ளை தமிழ்க் கூட்டத்துக்குள்ளேயே சுற்றினால் மலாய் வராது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அடிப்படை மலாய் ஒரு கட்டாயப் பாடமாகவும் வரும். கடைசி செமஸ்டர் வரை அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் பிறகு புலம்புகிறார்கள்.

கிளம்பும் நாள் பற்றி இரண்டு விஷயம். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இலவசம்தான். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் மசாலாப் பெட்டியில் கசகசா வைக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் வரும் பொருள்.

திருச்சி விமான நிலையத்தில் "தம்பி, இந்தச் சின்னப் பார்சலை அங்கே ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார்" என்று யாராவது பணிவாகக் கேட்கக்கூடும். விடுமுறைக்குத் திரும்பும்போது நகையைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லி டிக்கெட் பணம் தருவதாகவும் கேட்பார்கள். இப்படிச் சுமப்பவர்களுக்கு அந்த வழித்தடத்தில் ‘குருவி’ என்று பெயர். தங்கம் என்றால் சுங்கத்துறையோடு போகும். பார்சலுக்குள் போதைப்பொருள் இருந்தால் மலேசியாவின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் காத்திருக்கிறது. கட்டாய மரண தண்டனையை 2023இல் நீக்கினார்கள். ஆனாலும் நீதிபதி மரண தண்டனை விதிக்க இன்னும் இடமிருக்கிறது. கேட்பவர் ஒரே ஊர்க்காரராக இருந்தாலும், சித்தப்பாவின் கூட்டாளியாக இருந்தாலும், முடியாதுங்க என்று சொல்லிவிட்டு வரிசையில் நகரப் பிள்ளைக்கு வீட்டிலேயே பழக்கிவிடுங்கள்.