பழைய பென்ஸுக்கு சாமான் தேடுறீங்களா, போஷ் நம்பர சொல்லி கேளுங்க

பழைய பென்ஸ் வச்சிருக்கவங்க சுங்கை சிப்புட்லருந்து ஈப்போவுக்கு சாமான் தேடி கெளம்புறதுக்கு முன்னாடி, பழைய பீஸ கழட்டி அதுல குத்தியிருக்கிற போஷ் (காடி சாமான் செய்யிற ஜெர்மன் கம்பெனி) நம்பர எழுதிக்குங்க, கடையில காடி பேர சொல்லாம அந்த நம்பர சொல்லி கேளுங்க. பெரும்பாலும் 0-ல ஆரம்பிக்கும், மொத்தம் 10 இலக்கம். அழுக்குல தெரியலன்னா டீசல் துணியால தொடச்சிட்டு சாக்பீஸ மேல தேய்ங்க, குழியில இருக்கிற எழுத்து பளிச்சுன்னு தெரியும், அப்புறம் போன்ல ஒரு படம் புடிச்சிக்குங்க.

ஏன்னா ஃபியூல் பம்ப், இன்ஜெக்டர் மாதிரி சாமானெல்லாம் பென்ஸ் சொந்தமா செஞ்சது இல்ல, போஷ் செஞ்சு குடுத்தது. பென்ஸ் டபிள்யூ123 230இ மாடல்ல இருக்கிற கே-ஜெட்ரானிக்ங்கிற போஷ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் சிஸ்டம் அந்த காலத்து வால்வோ 240, போர்ஷ 911-லயும் வந்துச்சு, அதனால நம்பர் ஒத்துப்போனா போஷ் டப்பாவுலயே வாங்கலாம், பென்ஸ் ஸ்டார் போட்ட டப்பாவுக்கு கூடுதலா வெள்ளி குடுக்க வேணாம், ஹாஃப் கட் கடையில (பழைய காடிய வெட்டி சாமான் விக்கிற கடை) வேற காடியில இருந்தாலும் எடுக்கலாம்.

கடைசி ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் எடுக்காதீங்க, பிரஷர் வேற மாதிரி இருக்கலாம், தவுக்கே “சேம் சேம்”னு சொன்னாலும் கேக்காதீங்க. இன்ஜெக்‌ஷன் இல்லாம கார்புரேட்டர் போட்ட டபிள்யூ123 200 மாடலுக்கு இந்த பம்ப் கதையே கெடையாது. குரோம், கதவு ரப்பர், டேஷ்போர்டு மரம் இதுக்கெல்லாம் பென்ஸோட சொந்த நம்பர் தான், ஏ-ல ஆரம்பிக்கும், அத வச்சு தான் தேடணும்.