கலிபோர்னியாவில் கல்யாண லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு

மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே பேசி வைக்கிறோம். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் எடுக்க வேண்டிய லைசென்ஸை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். ஃப்ரீமாண்டில் குடியிருக்கும் இத்தனை வருடங்களில் சொந்தத்திலும் நட்பிலும் பல பிள்ளைகளுக்கு நான் துணைக்குப் போயிருக்கிறேன். வேலை சுலபம்தான். ஆனால் நம்மவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அது பெயர். மற்றதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. எந்தக் கவுண்டியில் லைசென்ஸ் எடுத்தாலும் மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் செய்யலாம். நீங்கள் அந்தக் கவுண்டியில் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஃப்ரீமாண்ட், யூனியன் சிட்டி, டப்ளின் பக்கம் இருப்பவர்களுக்கு அலமேடா கவுண்டி. அதன் தலைமை அலுவலகம் ஓக்லண்டில், மேடிசன் தெரு 1106ஆம் எண்ணில் இருக்கிறது. லேக் மெரிட் பார்ட் ரயில் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். காரில் போய் பார்க்கிங்குக்கு அலைவதைவிட இதுவே மேல்.

மணமக்கள் இருவரும் சேர்ந்து நேரில் போக வேண்டும். அப்பா அம்மா போய் வாங்கிவர முடியாது. இருவருக்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு போட்டோ அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். விண்ணப்பத்தைக் கவுண்டியின் இணையதளத்தில் முன்பே நிரப்பிவிடுங்கள். நேரம் பதிவு செய்ய வேண்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். எங்கள் பக்கம் நூறு டாலரை ஒட்டி வரும். ரத்தப் பரிசோதனையும் கிடையாது, காத்திருக்கும் காலமும் கிடையாது. காலையில் லைசென்ஸ் வாங்கி அன்று மாலையே தாலி கட்டலாம்.

காத்திருக்க வேண்டாம் என்றாலும் காலாவதி உண்டு. லைசென்ஸுக்கு ஆயுள் 90 நாள்தான். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டோம் என்பதால் இந்தக் கணக்கு நம் வீடுகளில் இடிக்கும். ஜூன் 1ஆம் தேதி எடுத்த லைசென்ஸ் ஆகஸ்ட் 30ஓடு முடிந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் வரும் ஆவணி முகூர்த்தத்துக்கு அது உதவாது. நீட்டித்துத் தரவும் மாட்டார்கள். திரும்பப் பணம் கட்டிப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு எடுப்பது என் கணக்கில் சரியான நேரம்.

படிவத்தில் இரண்டு வகை லைசென்ஸ் இருக்கும். பொது லைசென்ஸ் ஒன்று, ரகசிய லைசென்ஸ் ஒன்று. ரகசிய வகைக்குச் சாட்சி தேவையில்லை, ஆனால் இருவரும் ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். நகல் வாங்க உரிமையும் அந்த இருவருக்கு மட்டும்தான். ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்கிறவர்கள் பொது லைசென்ஸையே எடுங்கள்.

சரி, பெயருக்கு வருவோம்.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் பெயர் செந்தில், குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் அப்பா பெயரான முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் கயல்விழி, அவள் அப்பா ஆறுமுகம். நம் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு அவள் கயல்விழி செந்தில். ஆனால் கலிபோர்னியா லைசென்ஸ் வழியாக அது முடியாது. 2009இல் நடைமுறைக்கு வந்த பெயர்ச் சமத்துவச் சட்டம் கணவன், மனைவி இருவருக்குமே பெயர் மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் கடைசிப் பெயராக எடுத்துக்கொள்ள முடிவது துணைவரின் கடைசிப் பெயர், இருவரில் ஒருவரின் பிறப்புக் கடைசிப் பெயர், அல்லது இவற்றைச் சேர்த்து அமைத்த பெயர் மட்டும்தான். செந்தில் என்பது அவருடைய முதல் பெயர். ஆகவே கயல்விழிக்கு அங்கே கிடைக்கிற புதுப் பெயர் கயல்விழி முருகேசன், அதாவது மாமனார் பெயர். இது தெரியாமல் கவுண்டரில் நின்றுகொண்டு முடிவெடுக்காதீர்கள். செந்தில் என்றுதான் வேண்டுமென்றால் கோர்ட்டில் தனியாக மனு போட வேண்டும். முதல் பெயரை மாற்றுவதும் லைசென்ஸில் நடக்காது.

என்னைக் கேட்டால், பெயரை அப்படியே விட்டுவிடுங்கள். விசா, சோஷியல் செக்யூரிட்டி, வங்கி, இந்திய பாஸ்போர்ட், ஊரில் இருக்கும் பான் அட்டை என்று எத்தனை இடத்தில் பெண்ணின் பெயர் இருக்கிறது! ஒன்றை மாற்றினால் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஹெச் ஒன் பி வேலை விசாவில் இருக்கும் பெண்ணுக்கு அந்த அலைச்சல் தேவையே இல்லை. பெயர் மாற்றாததால் யாருடைய கல்யாணமும் செல்லாமல் போவதில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தால், லைசென்ஸ் எடுக்கும்போதே அதற்குரிய கட்டங்களில் எழுதிவிட வேண்டும். கல்யாணம் முடிந்தபின் மனம் மாறி அந்தக் கட்டங்களை நிரப்ப முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்த மட்டும்தான் வழி உண்டு.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப் என் யு, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம், என்று வந்திருக்கும். டிரைவிங் லைசென்ஸில் வேறு மாதிரி இருக்கும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடிதான் கவுண்டியில் எழுதுவார்கள். போவதற்கு முன்பே போன் செய்து உங்கள் அட்டையில் இருப்பதைச் சொல்லி, எப்படிப் பதிவார்கள் என்று கேட்டுவிடுங்கள். முடிந்தால் பாஸ்போர்ட்டையே முதலில் சரிசெய்துகொள்வது நல்லது.

பெற்றோரின் பிறப்புப் பெயரையும் கேட்பார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒட்டியிருக்கும். அதை அப்படியே எழுதாமல், கல்யாணத்துக்கு முன்பு அம்மாவுக்கு இருந்த பெயரை எழுத வேண்டும், அதாவது தாத்தா பெயரோடு. அவர்கள் பிறந்த நாட்டையும் கேட்பார்கள். ரங்கூனிலோ பினாங்கிலோ பிறந்து சின்ன வயதில் ஊர் திரும்பிய பெற்றோர் நம்மிடையே உண்டு. முதல் நாள் ராத்திரியே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நீங்கள் நிற்கும்போது ஊரில் நடுராத்திரியாக இருக்கும்.

முன்பு கல்யாணமாகி விவாகரத்து ஆனவர்கள் அது முடிந்த சரியான தேதியைச் சொல்ல வேண்டும். தீர்ப்பு நகலையும் கையில் வைத்திருங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து.

கையெழுத்து வாங்குமுன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்வார்கள். என் அக்கா மகள் அப்போது மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டப் போனாள். நான் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். அவள் பெயரில் வரும் விழி என்பதில் ‘இசட் எச்’ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘எல்’ இருந்தது. கவுண்டரில் இருந்த அம்மா உடனே திருத்திக் கொடுத்தார். அங்கேயே கண்டுபிடித்தால் ஒரு நிமிட வேலை.

இனி கல்யாண நாள். லைசென்ஸ் வைத்துக்கொண்டு தாலி கட்டிவிட்டால் சட்டப்படி வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கல்யாணத்தை நடத்தி வைப்பவர் அதில் தேதி, ஊர், தன் பெயர், முகவரி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொது லைசென்ஸ் என்றால் ஒரு சாட்சியாவது வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது. கோயில் குருக்கள் நடத்தி வைக்கலாம். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் எத்தனையோ தமிழ்க் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. ஐயர் இல்லாமல், பெரியவர் ஒருவர் தலைமையில் மாலை மாற்றிச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லும். கலிபோர்னியாவிலோ நடத்தி வைப்பவர் சட்டம் சொல்லும் தகுதி உடையவராக இருக்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. பல கவுண்டிகளில் கட்டணம் கட்டி, ஒரு நாளைக்கு மட்டும் திருமண கமிஷனராக ஒருவரை நியமிக்க விண்ணப்பிக்கலாம். உங்கள் மாமாவோ ஆசிரியரோ அப்படிப் பதவியேற்று நடத்தி வைக்கலாம். நேரம் பிடிக்கும், முன்கூட்டியே கேளுங்கள்.

தாளில் அடித்தல் திருத்தல், வெள்ளை மை எதுவும் கூடாது. தாலி கட்டிய கையோடு குருக்களிடம் நீட்டாதீர்கள். அவர் விரலில் குங்குமமும் நெய்யும் இருக்கும், சுற்றிலும் அட்சதை பறக்கும். கை கழுவச் சொல்லி, ஒரு மேசையில் உட்காரவைத்து, கருப்பு மைப் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிதானமான ஒருவரை நியமித்துவிடுங்கள். மணமக்களுக்கு அந்த நேரத்தில் எதுவும் நினைவிருக்காது. நிரப்பிய லைசென்ஸை 10 நாளுக்குள், அதை எடுத்த கவுண்டிக்கே அனுப்ப வேண்டும். சட்டப்படி அது நடத்தி வைத்தவரின் பொறுப்பு. ஆனாலும் தபால் தலை ஒட்டி முகவரி எழுதிய உறையை நீங்களே தயார் செய்து கொடுங்கள்.

ஊரில்தான் தாலி என்று வைத்திருப்பவர்களுக்கு: இந்த லைசென்ஸை வைத்துக் கோயம்புத்தூரில் கல்யாணம் செய்ய முடியாது. விசாவுக்காக இங்கே கவுண்டியிலேயே முதலில் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டால், சட்டப்படி உங்கள் கல்யாண நாள் அதுதான். ஊரில் முகூர்த்தம் எந்தத் தேதியில் நடந்தாலும், குடியேற்றப் படிவங்களில் எல்லாம் கவுண்டித் தேதியையே எழுதுங்கள்.

சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது. லைசென்ஸ் பதிவானபின் அதே கவுண்டியில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். இரண்டு மூன்றாக வாங்குங்கள். இந்தியாவில் காட்டுவதற்கு ஒரு நகலில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான சான்று முத்திரை, வேண்டியிருக்கும். அதை மாநிலச் செயலர் அலுவலகம் தரும். சாக்ரமெண்டோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் நேரில் போகலாம், தபாலிலும் அனுப்பலாம். பெயர் மாற்றியவர்கள் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், அப்புறம்தான் டிரைவிங் லைசென்ஸ் தரும் டி எம் வி.